வெட்டிய வாழை எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னமனூருக்குப் பக்கத்தில் நான்கரை ஏக்கரில் வாழை போடுகிறேன். ஜி9 என்று நாங்கள் சொல்லும் திசு வளர்ப்புப் பச்சை வாழைதான் முக்கால்வாசி, மீதி நாழிப்பூவன். என் அண்ணன் மகன் குளிர்ப்பெட்டக லாரி ஓட்டுகிறான். அதனால் தோட்டத்துக் கதை, ரோட்டுக் கதை இரண்டும் எங்கள் வீட்டில் தினமும் பேச்சாக இருக்கும்.

உங்கள் பத்திரிகையில் தோட்டக்கலை ஏற்றுமதி பற்றிச் செய்தி வந்தால் கத்தரித்து வைப்பது என் வழக்கம். புது ரகம், மானியம், வெளிநாட்டுச் சந்தை என்று இந்த மூன்றைச் சுற்றியே பேச்சு இருக்கிறது. தாரை வெட்டிய நேரத்திலிருந்து அது குளிரில் போய்ச் சேருகிற நேரம் வரைக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் போகிறது என்று யாராவது கணக்குக் கேட்டு நான் படித்ததில்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வாழை வெளிச்சந்தையில் தோற்பது அந்த மணி நேரங்களில்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, சுருக்காமல் போட்டால் நன்றி.

உலகத்திலேயே அதிகமாக வாழை விளைவது இந்தியாவில். ஏற்றுமதியில் முதலிடம் ஈக்வடாருக்கு. நம் நாட்டில் விளைவதை நாமே சாப்பிடுகிறோம், அது ஒரு குறையே இல்லை, ஆனால் வளைகுடா நாடுகள் நமக்கு எவ்வளவு பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். துபாயில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் அங்கே கடையில் வாங்கிய பழத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒன்றில் பிலிப்பைன்ஸ் என்றிருக்கும், இன்னொன்றில் ஈக்வடார் என்றிருக்கும். பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் கடலில் வந்த பழம் மாசு மறுவில்லாமல் இருக்கிறது, பக்கத்திலிருந்து போன எங்கள் பழத்தில் கறுப்புத் தழும்பு இருக்கிறது. மண் காரணமில்லை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் காரணமில்லை. எங்கள் தார் தோட்டத்தில் நிற்கும்போது யாருடைய தாருக்கும் குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

அந்த நாடுகளின் பெரிய தோட்டங்களில் வரப்போரமாகக் கம்பிப் பாதை போட்டிருக்கிறார்கள். வெட்டிய தாரை அந்தக் கம்பியில் தொங்கவிட்டு வரிசையாகப் பேக்கிங் கொட்டகை வரைக்கும் இழுத்துப் போகிறார்கள். தார் தரையைத் தொடுவதில்லை. நான்கரை ஏக்கர்க்காரன் கம்பிப் பாதை போட முடியாது, அது எனக்குத் தெரியும், அதைக் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கம் வெட்டு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், எங்கே நேரம் ஒழுகுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

காலை ஐந்தரைக்கு வெட்டு ஆட்கள் வருவார்கள். ஏற்றுமதிக்கு முக்கால் முற்றலில் வெட்ட வேண்டும், பழுக்கிற பருவத்துக்கு விட்டால் கப்பலிலேயே பழுத்துவிடும். ஒருவர் மரத்தைச் சாய்க்க, இன்னொருவர் தோளில் மெத்தை வைத்துத் தாரை வாங்கிக்கொண்டு வரப்பு வழியாக நடந்து வந்து நிழலில் வைப்பார். அங்கே சீப்புகளைத் தண்டிலிருந்து அறுத்ததும் வெட்டு வாயில் பால் வடியும், அந்தப் பால் தோலில் பட்டால் கறை போகாது. அதனால் உடனே தண்ணீர்த் தொட்டியில் போட்டு, படிகாரத் தண்ணீரில் அலசி, எடை போட்டு, பதிமூன்று பதிமூன்றரைக் கிலோ பெட்டியில் ஒவ்வொரு சீப்பாகத் தாள் வைத்து அடுக்க வேண்டும். பெட்டி அடுக்குகிற பெண்களின் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்தச் சீப்பு எந்த மூலைக்கு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் அவர்களுக்கு, வளைவு மேலே வருகிற மாதிரி, ஒன்றின் நுனி இன்னொன்றின் முதுகில் குத்தாத மாதிரி. இதுவரைக்கும் எல்லாம் சரிதான்.

கப்பலில் போகிற ஒரு நாற்பது அடிப் பெட்டகத்துக்கு (கன்டெய்னருக்கு) இந்த மாதிரி ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் பெட்டி வேண்டும், கிட்டத்தட்ட 20 டன். ஒரே நாளில் ஒரே முற்றலில் 20 டன் காய் என் தோட்டத்தில் எப்படி இருக்கும்? நாலைந்து பேர் தோட்டத்தில் வெட்டித்தான் ஒரு பெட்டகம் நிறையும். முதல் தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு வெட்டியது, கடைசித் தோட்டத்துக் காய் வந்து சேருகிற சாயங்காலம் வரைக்கும் காத்துக் கிடக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே. அந்த நேரத்தில் ஒரு காயை உடைத்து உள்ளே கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். வாழைக்காய் வெட்டிய பிறகும் மூச்சு விடுகிற பொருள், சூடு ஏற ஏற அதன் மூச்சும் வேகமாகும், அந்த வேகத்தில் அதன் ஆயுள் கரையும்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். "பெட்டகத்தில் ஏற்றிவிட்டால் குளிர்ந்துவிடும்தானே" என்கிறார்கள். பெட்டகத்தின் குளிர் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே குளிரில் காப்பாற்றத்தான் செய்யப்பட்டது. முப்பது டிகிரிச் சூட்டில் நெருக்கமாக அடுக்கிய இருபது டன் காயை பதிமூன்றரைக்கு இறக்க அதற்கு ஒரு நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அவசரப்பட்டு இன்னும் கீழே இறக்கவும் முடியாது, பன்னிரண்டுக்குக் கீழே போனால் வாழைத்தோல் குளிரில் கருகிவிடும், அப்புறம் பழுக்க வைத்தாலும் மஞ்சள் வராமல் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். ஏற்றுவதற்கு முன்னாலேயே குளிர்ந்த காற்றைப் பெட்டிகளுக்குள் இழுத்துச் சூட்டை எடுக்கிற முன்குளிர் அறை இருந்தால் ஓர் இரவுக்குள் வேலை முடிந்துவிடும். அந்த அறை பெரிய ஏற்றுமதியாளர்களிடம் இருக்கிறது. சிறு விவசாயிகள் நாலைந்து பேர் சேர்ந்து வெட்டுகிற ஊர்களில் இல்லை, அங்கே சூடான காய் நேராகப் பெட்டகம் ஏறுகிறது.

போன வருஷம் சித்திரையில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு டிரெய்லர் வந்தது. வாய்க்கால் பாலத்தில் அவ்வளவு நீள வண்டி திரும்ப முடியாது, அதைத் தாண்டினாலும் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது. வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. மூன்று குட்டியானை வண்டி பிடித்து, ஒரு நடைக்கு எழுபது எண்பது பெட்டியாக அந்த மண் பாதையில் கொண்டுபோய் மாற்றினோம். ஒவ்வொரு பெட்டியும் கூடுதலாக இரண்டு தடவை ஏறி இறங்கியது. கடைசிப் பெட்டி ஏறும்போது இரவு ஒன்பதரை மணி. கதவைச் சாத்துகிறபோது நானே நாலைந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன், காய் பச்சைப் பசேலென்று இருந்தது, ஒரு கீறல் தெரியவில்லை. பதினெட்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பழுக்க வைத்த பழம், நல்ல மஞ்சள், காம்புக்குக் கீழே தோள் பக்கம் முழுக்க கறுப்பாகத் தேய்த்த தழும்பு. அடிபட்ட காய் பச்சையாக இருக்கும்போது வாயைத் திறக்காது, பழுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். மொத்தப் பெட்டகத்துக்கும் விலையை வெட்டினார்கள், அந்த வெட்டை நாங்கள் ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரு வருஷம் உரம் போட்டு, முட்டு கொடுத்து, மொட்டுக்கு ஊசி போட்டு, தாருக்கு உறை மாட்டி வளர்த்ததை, அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை வாங்கிக்கொண்டது.

இனி ரோட்டுக் கதை. எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி, மதுரையைச் சுற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று போக வேண்டும். மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் பராமரிப்பு சரியில்லை என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சுங்கம் வசூலிக்கவே தடை போட்டதும், உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்ததும் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். இரும்புக் கம்பி ஏற்றிய வண்டிக்குப் பள்ளம் என்பது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். வாழைக்கு ஒவ்வொரு குலுக்கலும் ஒரு தழும்பு. என் அண்ணன் மகன் சொல்வான், "சித்தப்பா, பெட்டகத்து ஜெனரேட்டர் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா நல்லாத் தூங்குவேன், சத்தம் நின்னாத்தான் தூக்கிவாரிப் போடும்." வழியில் டீ குடிக்க நிறுத்துகிற இடத்தில் மின் இணைப்புக் கொடுக்க ஒரு பிளக் பாயின்ட் கிடையாது. துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நிற்கிற நேரம் முழுக்க டீசலை எரித்துத்தான் குளிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அந்த டீசல் கணக்கும் கடைசியில் கிலோ விலையில்தான் வந்து விடிகிறது.

இன்னொரு செலவு வெளியே தெரியாது. பெட்டகம் காலியாகத் துறைமுகத்திலிருந்து 240 கிலோமீட்டர் எங்கள் ஊர் வரை வந்து, ஏற்றிக்கொண்டு திரும்ப 240 போகிறது. வாடகை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. தூத்துக்குடியில் இறாலும் மீனும் ஏற்றுமதி ஆகிறது, அதுவும் குளிர்ப்பெட்டகத்தில்தான் போகிறது, இரண்டு சரக்குக்கும் ஒரே நேரத்தில் தேவை வந்தால் பெட்டகம் கிடைப்பதே பாடு. மீன் போன பெட்டகம் வந்தால் நன்றாகக் கழுவி, வாடை இல்லை என்று பார்த்து, மைனஸ் பதினெட்டில் ஓடிய இயந்திரத்தை பதிமூன்றரைக்குச் சோதித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தேனியிலோ மதுரைக்குப் பக்கத்திலோ இப்படிச் சோதித்த காலிப் பெட்டகங்களை மின் இணைப்போடு நிறுத்தி வைக்க ஓரிடம் இருந்தால், வெட்டு நாளன்று பெட்டகத்துக்காகக் காய் காத்திருக்காது. "நாளைக்கு வரும்" என்று சொன்னதை நம்பி வெட்டிவிட்டு, மறுநாள் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு.

துறைமுகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தூத்துக்குடியில் 2024 செப்டம்பரில் புது சர்வதேசப் பெட்டக முனையம் திறந்தார்கள், வெளித்துறைமுகத் திட்டத்துக்கும் அதே வருஷம் பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நல்லதுதான், முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனாலும் இங்கிருந்து போகிற பெட்டகங்களில் பெரும்பகுதி சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் போகிறது. கொழும்பில் ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் வரும் வரை பெட்டகம் அங்கேயே கிடக்கும். ஒழுங்காகக் குளிர்ந்த வாழைக்காய் மூன்று நான்கு வாரம் தாங்கும், சூட்டோடு ஏறியது அவ்வளவு தாங்காது. அதாவது நாங்கள் தோட்டத்தில் வீணடித்த ஐந்தாறு மணி நேரம், கொழும்பில் ஒரு நாள் தாமதமானால் அதைச் சமாளிக்க முடியாத நாளாக மாறி நிற்கிறது. இப்போது கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகமும் வந்துவிட்டது, 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது, 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். கொச்சி வல்லார்பாடம் முனையம் 2011-லிருந்து இருக்கிறது. சின்னக் கப்பல் எந்தத் துறைமுகம் போய் மாறினாலும் எங்களுக்கு ஒன்றுதான், வாரத்தில் இன்ன கிழமை, இன்ன நேரம், அழுகும் சரக்குக்கு இத்தனை இடம் உறுதி என்று ஒரு கால அட்டவணை வேண்டும். அது தெரிந்தால் வெட்டு நாளை நாங்கள் அதற்கேற்ப வைத்துக்கொள்வோம். இப்போது கப்பல் தேதி மாறினால் தகவல் வருவதற்குள் பாதித் தோட்டம் வெட்டியாகிவிடுகிறது.

ரயிலைப் பற்றிக் கேட்பார்கள். மதுரை – போடி அகலப்பாதைக்காக 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள், 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்ப வந்தது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த எங்களுக்கு அந்த முதல் ரயில் திருவிழா மாதிரி. அதில் வாழையைத் துறைமுகத்துக்கு அனுப்பலாமே என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 240 கிலோமீட்டருக்கு ரயில் என்றால் தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு ஏற்றம், ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்கு இன்னொரு ஏற்றம், மிச்சமாகிற பணத்தை விட அடிபடுகிற காய் அதிகமாகிவிடும். ரயில் தூரத்துக்கு நல்லது. ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டம் தாடிபத்ரியிலிருந்து 2020 ஜனவரியில் 43 குளிர்ப்பெட்டகங்களை ஒரே ரயிலில் ஏற்றி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துக்கு அனுப்பினார்கள், எல்லாம் வாழை. அந்தத் தூரத்துக்கு அது சரி, அத்தனை பெட்டகம் ஒரே நாளில் நிரம்புகிற அளவுக்குக் காயை அங்கே சேர்த்து வைத்திருந்தார்களே, நாம் பார்க்க வேண்டியது அந்த ஏற்பாட்டை. எங்களுக்கு ரயில் வேண்டியது உள்நாட்டுச் சந்தைக்கு. போடியிலிருந்து சென்னைக்கு ஓடுகிற ரயிலில் காய்கறி, பழத்துக்கென்று ஒரு பார்சல் பெட்டியைக் கூட்டினால் கோயம்பேட்டுக்குப் போகிற முருங்கை, திராட்சை, நாழிப்பூவன் எல்லாம் அதில் ஏறும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, குறியீடு வந்த பிறகும் அது பழைய மாதிரி லாரியில் வெயிலோடுதான் போகிறது.

இதே ஊர்ப் பக்கம் ஏலக்காய் வியாபாரத்தைப் பாருங்கள். போடியில் மின்னணு ஏலம் நடக்கிறது, மூட்டை குடோனில் இருக்கும், இன்றைக்கு விலை பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஏலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாழைக்காரன் கையில் அந்தப் பேரம் கிடையாது. வெட்டிய பிறகு ஒவ்வொரு மணி நேரமும் வியாபாரி பக்கம்தான் சாயும். மண்டியில் காலை பத்து மணிக்கு ஒரு விலை, அதே தாருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு விலை, "வேண்டாமென்றால் எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்று சொன்னால் எங்கே எடுத்துக்கொண்டு போவது?

சிறு விவசாயிகளால் இதெல்லாம் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நாசிக் பக்கத்துத் திராட்சைக்காரர்களைக் காட்டுவேன். அங்கேயும் பெரும்பாலும் சின்னச் சின்னத் தோட்டம்தான். 1991-இல் பல கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து மகாகிரேப்ஸ் என்று ஓர் அமைப்பை உண்டாக்கி, சங்கத்துக்குச் சங்கம் முன்குளிர் அறை வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அபேடா என்ற மத்திய அரசின் விவசாய ஏற்றுமதி அமைப்பு மூலம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் எண் கொடுத்து, எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்துக் காய் என்று தேடிப் பிடிக்கிற ஏற்பாடு வந்தது. 2010-இல் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி மருந்தின் எச்சம் இருக்கிறது என்று ஐரோப்பாவில் அவர்கள் பெட்டகங்கள் மாட்டிக்கொண்டன, பெரிய அடி. அதற்குப் பிறகும் எழுந்து நின்றார்கள், சோதனையை இறுக்கினார்கள். அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கும் முடியும், ஆனால் அந்த முதல் குளிர் அறைக்கு யாராவது கை கொடுக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் நாலைந்து ஊருக்கு ஒன்றாக, தோட்டத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள், கழுவும் தொட்டி, பேக்கிங் கொட்டகை, ஒரு பெட்டகம் காய் கொள்ளுகிற முன்குளிர் அறை, நிற்காத மும்முனை மின்சாரம். பொறுப்பை உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடம் கொடுக்கட்டும், பூட்டிய கட்டடமாகிவிடாமல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் அது ஓடினால்தான் அவர்களுக்குச் சோறு. தாவரச் சுகாதாரச் சான்றுக்கான பரிசோதனையை அங்கேயே வந்து செய்தால் கடைசி நேர ஓட்டம் இருக்காது. ஏற்றுமதித் தோட்டங்கள் இருக்கிற பாதைகளை மட்டுமாவது கணக்கெடுத்து வாய்க்கால் பாலத்தை அகலப்படுத்தி, தொங்குகிற கம்பியைத் தூக்கிக் கட்டினால் போதும், நாற்பது அடி வண்டி கொட்டகை வாசல் வரை வந்துவிடும். தோட்டக்கலை, மின்வாரியம், நெடுஞ்சாலை, துறைமுகம் என்று ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. வெட்டு முதல் கப்பல் வரைக்குமான மொத்த நேரத்துக்கு மாவட்டத்தில் ஒரே ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குங்கள். ஒவ்வொரு பெட்டகத்துக்கும் வெட்டிய நேரம், குளிரில் வைத்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், துறைமுக வாசலுக்குள் போன நேரம், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு பருவம் எழுதினால் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

என் தோட்டத்தில் அடுத்த வெட்டு இன்னும் ஐந்தாறு வாரத்தில் இருக்கும். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் யாராவது ஒருவர் காலை ஐந்தரைக்கு வந்தால், வெட்டிலிருந்து கூடவே இருந்து பார்க்கலாம், சாப்பாடு எங்கள் வீட்டில். இரவு வண்டி கிளம்பும்போது என் அண்ணன் மகன் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருக்கிறது, துறைமுக வாசல் வரை அவன் கூட்டிப் போவான்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
சின்னமனூர் வட்டாரம், தேனி மாவட்டம்.